முத்து அமிலத்துக்குள் ஒளிந்தவர்

"நான் வீட்டை போகமாட்டன். உள்ளுக்கு விடாட்டில் இதிலயே நிப்பன். கூட்டம் முடியுமட்டும் நிப்பன்."

ஸ்காபரோவின் மில்லிக்கன் பகுதியில் மாசி மாதத்துக் காற்று ஆள் பார்த்து அடிப்பதில்லை. பரிதி சோப் கொம்பனியின் வாசலில் நின்ற மெலிசா அருள்நாயகத்தின் மூக்கு சிவந்து, கண்ணிமையில் பனி பிடித்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை. நடுங்கினால் அது குளிரால்தான் என்று ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

துப்பறியும் நிலாணி காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். நாற்பது வயது, கட்டையாக வெட்டிய தலைமுடி, எந்தக் குளிருக்கும் கையுறை போடாத பிடிவாதம். காப்புறுதிக் கொம்பனிகளுக்குப் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்துத் தொழில் பழகியவள். அதற்கு முன்னர் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, கடைசி வருடத்தில் போதும் என்று எழுந்து வந்தவள். அவளுக்குப் பின்னால் கடதாசிப் பையொன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்தவன் அவளது உதவியாளன் றொய்சன். பிறம்ரனில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவன், லொறிக்குள் கதைக்க ஆளில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த வேலையை விட்டவன்.

"தங்கச்சி, மட்டன் ரோல்ஸ் சுடச்சுடக் கிடக்கு. முதல்ல ஒண்டை எடும். வழக்கு ஆறினால் திருப்பிச் சூடாக்கலாம், ரோல்ஸ் ஆறினால் சரிவராது."

"பேந்து சாப்பிடுறன் அண்ணை. முதல்ல நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

சொன்னாள். பரிதி சோப்பைத் தொடங்கிய பெரியவர், பாரிஸில் ஒரு பழைய மருந்துக்கடைக் குடும்பத்தின் ஏலத்தில் கண்ணாடிப் போத்தல் வரிசை ஒன்றை வாங்கி வந்திருந்தார். கொழுப்பிலிருந்து அமிலங்களைப் பிரித்து, அவற்றுக்கு முதன்முதலாகப் பெயர் சூட்டிக்கொண்டிருந்த காலத்துப் போத்தல்கள். இருநூறு வருடத்துக்குக் கிட்ட வரும். தொழிற்சாலையின் முன்மண்டபத்தையே சிறிய காட்சிச்சாலையாக்கி அவற்றை அங்கே வைத்தார். சாகுமுன் ஒரு நிபந்தனையும் போட்டார். காட்சிச்சாலைப் பொறுப்பாளர் சம்மதித்துக் கையெழுத்து வைத்தாலொழிய அந்த வரிசை கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது.

இப்போது பொறுப்பாளர் மெலிசா. பழைய கண்ணாடியையும் மையையும் பாதுகாக்கப் படித்தவள். கொம்பனியின் தலைவர் ஜனார்த்தன், பெரியவரின் மருமகன். வெளிநாட்டில் ஹோட்டல்கள் வைத்திருக்கும் ஒரு சேகரிப்பாளருக்குப் போத்தல்களைக் கொடுத்தால், அந்த ஹோட்டல்களின் குளியலறைகளுக்கெல்லாம் பரிதி சோப் போகும் என்பது அவர் போட்ட கணக்கு. மெலிசா மாட்டேன் என்றாள்.

"திருப்பித் திருப்பிக் கேட்டவர். திருப்பித் திருப்பி மாட்டன் எண்டனான். அதுக்குப் பேந்துதான் என்ர லொக்கருக்குள்ள ஒரு போத்தல் வந்தது."

லேபிள் இல்லாத பழைய போத்தல். உள்ளே வெள்ளைத் தூள். அதே நேரம், காட்சிப் பெட்டியில் மார்கரிக் அமிலம் என்று எழுதிய போத்தலில் ஏதோ பிழை என்று, சேகரிப்பாளருக்காக அதை முன்னரே சோதித்துப் பார்த்த தலைவரே பேச்சை எழுப்பினார். ஒட்டாவாவிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து இரண்டிலும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்துக் கருவியில் போட்டுப் பிரித்துப் பார்த்தார். லொக்கருக்குள் இருந்தது சுத்தமான மார்கரிக் அமிலம். காட்சிப் பெட்டியில் இருந்தது ஸ்ரெயரிக்கும் பாமிற்றிக்கும் கலந்த கலவை, மெழுகுதிரிக்குப் போடுகிற சரக்கு.

"நான் உண்மையானதைக் களவெடுத்து லொக்கருக்குள்ள ஒளிச்சுப்போட்டு, பெட்டியில இருந்த போத்தலுக்குள்ள மெழுகுதிரித் தூளைக் கொட்டினனானாம். இண்டைக்கு மத்தியானம் பணிப்பாளர் சபை கூடுது. களவெடுத்தனான், வேலையை விடுறன் எண்டு கையெழுத்து வைச்சால் பொலிசுக்குப் போகமாட்டினமாம். பெருந்தன்மையாம்!"

"வைச்சால் என்ன நடக்கும்?" என்றாள் நிலாணி.

"என்ர சொல்லுக்கு மதிப்பில்லாமப் போகும். போத்தல் பிளேன் ஏறும். நான் கள்ளி எண்ட பேரோட ஸ்காபரோவில நடக்கவேணும். என்ர அப்பா மாதா கோயில் ஞாயிறுப் பூசையில வாசகம் வாசிக்கிறவர் அக்கா. போன கிழமை, 'நீங்கள் கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்கோ' எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டினம். அவர் வீட்டை வந்து கோட்டைக் கழட்டாமல் கதிரையில இருந்தவர்."

"நீர் எடுத்தனீரோ?"

"இல்லை."

"சரி. இனி அந்தக் கேள்வியை நான் கேக்கமாட்டன்."

றொய்சன் இதற்குள் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டான். "அக்கா, தலைவருக்கெண்டு போர்ட் போட்ட இடத்தில நிக்கிற காரைப் பாத்தனீங்களோ? தோல் சீற். நாலு யன்னலும் பாதி திறந்து கிடக்கு. சீற்றில பனி கொட்டுது. குளிரைச் சும்மா குடுக்கினம் எண்டு அள்ளி நிரப்புறார் போல."

நிலாணி அந்தக் காரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

*

ஜனார்த்தன் சிரித்த முகத்தோடு வந்தார். மடிப்புக் குலையாத சூட், நெற்றியில் மெல்லிய திருநீறு. குற்றம் சாட்டியவர் சிரிப்பதும் குற்றம் சாட்டப்பட்டவள் பனியில் நிற்பதும் எந்த ஊர் நியாயம் என்று நிலாணிக்கு எரிச்சல் வந்தது. அவள் அதை முகத்தில் காட்டவில்லை.

"வடிவாப் பாருங்கோ. மறைக்க எங்களிட்ட ஒண்டுமில்லை. சபைக்குப் போகமுதல் ஆரும் கேள்வி கேட்டால் எனக்கும் நல்லதுதான்."

"ரோல்ஸ் எடுங்கோ ஐயா," என்று றொய்சன் பையை நீட்டினான்.

"என்ன உள்ளுக்கு?"

"ஆடு."

ஜனார்த்தன் ஓரடி பின்னால் போனார். "நான் சுத்த சைவம் தம்பி. எங்கட வீட்டுப் படி மச்சம் மாமிசம் ஏறினதில்லை." பெருமையாகச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார்.

காட்சிச்சாலையைக் காட்ட ஜஸ்ரின் வந்தான். மெலிசாவுக்கு உதவியாக வேலை செய்பவன். அவளது லொக்கருக்குள் போத்தலைக் கண்டெடுத்தவனும் அவன்தான். முப்பது வயதிருக்கும், ஆளைப் பார்த்துப் பேசாமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மங்கிய மையில் பிரெஞ்சுப் பெயர். செவ்ரல் என்ற பிரெஞ்சுக்காரர் சோப்பை உடைத்து, கொழுப்புக்குள் இருந்த அமிலங்களை ஒவ்வொன்றாக வெளியே கூப்பிட்டவர். கூப்பிடுவதற்குப் பெயர் வேண்டுமே! வெண்ணெயில் அகப்பட்டதற்கு வெண்ணெயின் கிரேக்கப் பெயரால் பியூற்றிரிக். கிடாய்போல் நாறியதற்கு இலத்தீனில் ஆட்டின் பெயரால் கப்ரோயிக். கொழுப்பில் கட்டியாக நின்றது ஸ்ரெயரிக். எண்ணெயாக ஓடியது ஓலெயிக். முத்துப்போல மினுங்கியதற்கு முத்தின் கிரேக்கப் பெயரையே எடுத்து மார்கரிக் என்று வைத்தார்.

"பாரிஸ்காரரும் எங்கட பெடியள் மாதிரித்தான் அக்கா," என்றான் றொய்சன். "ஆளைப் பாத்த உடன பட்டப்பேர். நல்லகாலம், நான் அந்தக் காலத்தில பிறக்கேல்லை."

நிலாணி வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாயைக் காணாதவள்போல அவளது கண் தேடியது.

"ஜஸ்ரின், பாமிற்றிக் எங்க?"

"பாமிற்றிக்கோ? அது இதில இல்லை."

"ஆரும் எடுத்திட்டினமோ?"

"இல்லையில்லை. பெரியவர் வாங்கேக்கையே இல்லை. இந்த வரிசையில அப்பிடி ஒரு போத்தல் ஒருநாளும் இருக்கேல்லை."

"லீவில போயிருக்கும்," என்றான் றொய்சன்.

நிலாணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம், அது றொய்சனுக்குத் தெரியும். அவன் வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

மேசையில் இரண்டு போத்தல்களும் இருந்தன. பெட்டியிலிருந்து எடுத்த மார்கரிக் லேபிள் போத்தல் ஒன்று. லொக்கருக்குள் அகப்பட்ட, லேபிள் இல்லாத போத்தல் மற்றது. இரண்டும் ஒரே அச்சுக் கண்ணாடி, ஒரே அளவு மூடி. நிலாணி லேபிள் போத்தலின் மூடியைத் திறந்து மணந்தாள். ஒன்றுமில்லை. மற்றதன் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனவள், தலையைப் பின்னால் எடுத்தாள்.

"றொய்சன், தூளை விடு. மூடியை மட்டும் மணந்து பார்."

அவன் மணந்தான். முகம் கோணியது. "கிடாய்."

"நிச்சயமோ?"

"அக்கா, நான் மன்னாரில பிறந்தனான். எங்கட வீட்டுப் படலைக்குப் பக்கத்திலதான் அப்பப்பா கிடாய் கட்டிறவர். பேரைச் சொன்னாலே எனக்கு மணக்கும்."

"பழைய போத்தல்தானே, மணக்கும்," என்று ஜஸ்ரின் முணுமுணுத்தான்.

றொய்சனுக்கு இவனில் சந்தேகம் விழுந்துவிட்டது. அவனுக்கு எப்போதும் முதலில் காண்கிற ஆளில்தான் சந்தேகம் விழும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜஸ்ரினுக்கு முன்னால் போய் நின்றான். "நீர் ஏன் ஐசே பொம்பிளைப்பிள்ளையின்ர லொக்கரைத் திறந்தனீர்?"

"தலைவர் சொன்னவர். பெயின்ற் அடிக்கப்போறம், எல்லா லொக்கரையும் திறந்து வெளியில எடு எண்டவர்."

"வெறும் போத்தல் எல்லாம் எங்க கிடக்கிறது?"

"பின்பக்க ஸ்ரோரில. பூட்டின்ர திறப்பு மூண்டு பேரிட்டக் கிடக்கு. மெலிசாவிட்ட, என்னட்ட, தலைவரிட்ட."

றொய்சன் சட்டென்று குனிந்து ஜஸ்ரினின் கோட் கையை மணந்தான்.

"விசரே உமக்கு? என்ன செய்யிறீர்?"

"சூடைமீன் பொரியல்," என்று றொய்சன் ஏமாற்றத்தோடு நிமிர்ந்தான். "கிடாய் இல்லை அக்கா."

ஜஸ்ரினுக்குக் கோபத்தில் காது சிவந்தது. "நான் ஒருநாளும் அவவைக் கள்ளி எண்டு சொல்லேல்லை. கண்டதைச் சொன்னனான், அவ்வளவுதான்."

"ஓம், கண்டதைச் சொன்னீர்," என்றாள் நிலாணி. "காணாததையும் சொல்லியிருக்கலாம். அவ வைச்சதை நீர் காணேல்லை. அதை ஆருக்கும் சொன்னனீரோ?"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முதல்தடவையாக அவளது முகத்தைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"போய் வாசல் கதவைத் திறந்து மெலிசாவை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாரும். தலைவரின்ர அறைக்கு."

"உள்ளுக்கு விடவேண்டாம் எண்டு அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார்."

"தெரியும்."

ஜஸ்ரின் ஒரு கணம் நின்றான். பிறகு திறப்புக் கோர்வையை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலை நோக்கிப் போனான். நிலாணி றொய்சனின் காதுக்குள் ஏதோ சொன்னாள். அவன் கண்ணை அகல விரித்து, ரோல்ஸ் பையையும் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கதவால் வெளியே ஓடினான்.

*

ஜனார்த்தனின் அறையில் கோப்பி மணந்தது. நிலாணி இரண்டு போத்தல்களையும் அவருடைய மேசையில் வைத்துவிட்டு, இருங்கோ என்று அவர் சொல்லாமலே கதிரையில் இருந்தாள்.

"எனக்கொரு சின்னச் சந்தேகம். நீங்கள் இத்தனை வருசம் சோப் காய்ச்சுறவர். மாட்டுக்கொழுப்புக்குள்ள என்னென்ன அமிலம் கிடக்கு?"

"இது சின்னப்பிள்ளைக் கேள்வி. முக்கியமா ஓலெயிக், பாமிற்றிக், ஸ்ரெயரிக்."

"பாமிற்றிக் எவ்வளவு?"

"கால்வாசிக்குக் கிட்ட வரும்."

"மார்கரிக்?"

"அது துளியளவு. கணக்கில எடுக்கிறதில்லை."

"அப்ப இருநூறு வருசத்துக்கு முந்தி, அடுப்பும் சட்டியும் வைச்சுக் கொழுப்பைப் பிரிச்ச மனிசர், துளியளவு கிடக்கிறதைப் போத்தல் நிறைய எடுத்தவர். கால்வாசி கிடக்கிறது அவற்ற கண்ணில படேல்லை. அப்பிடியோ?"

ஜனார்த்தன் சிரித்தார். "அந்தக் காலத்தில பாமிற்றிக் கண்டுபிடிக்கேல்லை அம்மா. பேந்துதான் பாம் எண்ணெயில கண்டு பேர் வைச்சவை."

"கண்டுபிடிக்கேல்லை எண்டால் கொழுப்புக்குள்ள இருக்கேல்லையோ?"

"இருந்தது. பேர்தான் இல்லை."

"பேர் இல்லாத ஆள் எந்தப் போத்தலுக்குள்ள ஒளிச்சு நிண்டவர்?"

ஜனார்த்தனின் கை கோப்பிக் கோப்பைக்குப் போய் பாதியில் நின்றது.

"நான் சொல்லட்டோ?" நிலாணி லேபிள் போத்தலைத் தட்டினாள். "இதுக்குள்ள. பாமிற்றிக்குக்கு அறுபத்துமூண்டு பாகைச் சூடு வேணும் உருக. ஸ்ரெயரிக்குக்கு அதிலும் கூட. ரெண்டையும் கலந்தால் ரெண்டையும்விடக் குறைஞ்ச சூட்டில உருகும். அதாலதான் ஏமாந்தவை. இது ஸ்ரெயரிக் இல்லை, வேற ஒராள் எண்டு நினைச்சு முத்தின்ர பேரை வைச்சவை. கனகாலத்துக்குப் பிறகு ஒரு ஜேர்மன்காரர் பிரிச்சுப் பாக்கேக்கதான், இது ஒராள் இல்லை, சோடியா நிக்கினம் எண்டு தெரிஞ்சது."

முத்து அமிலம் என்று ஊரெல்லாம் கொண்டாடிய அமிலம் உண்மையில் இருக்கவே இல்லை. கூட்டுக் குடித்தனம் செய்த இருவரும் பிரிந்து போனபின், வெறும் வீடாகக் கிடந்த அந்தப் பெயருக்குள் இரசாயனக்காரர்கள் வேறொரு அமிலத்தைக் குடிவைத்தார்கள். இன்றைக்குக் கடையில் மார்கரிக் என்று வாங்கினால் கிடைப்பது அந்தப் புதுக் குடித்தனக்காரர்தான். செவ்ரல் காலத்து ஆளுக்கும் இவருக்கும் பெயரைத் தவிர ஒரு சொந்தமும் இல்லை.

"அப்ப மெழுகுதிரிச் சரக்கு எண்டு நீங்கள் கழிச்சுவிட்டதுதான் உண்மையான பழைய சாமான்," என்றாள் நிலாணி. "பிழையா இருக்கிறபடியாத்தான் அது சரி. லொக்கருக்குள்ள இருந்த சுத்தமான தூள் அந்தக் காலத்தில உலகத்தில ஒருதரிட்டயும் இருந்திருக்கேலாது. அது இப்ப கடையில வாங்கினது. பரிசோதகர் என்ன இருக்கு எண்டு சரியாத்தான் சொன்னவர். என்ன இருக்கவேணும் எண்டு அவரிட்ட ஒருதரும் கேக்கேல்லை."

கதவடியில் காலடி கேட்டது. மெலிசாவும் ஜஸ்ரினும் வந்து நின்றார்கள். மெலிசாவின் சப்பாத்திலிருந்து பனி உருகித் தரையில் வழிந்தது. கடைசி வார்த்தைகள் அவளுக்கும் கேட்டிருந்தன. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனார்த்தன் கெட்டிக்காரர். கால் நிமிடத்தில் முகத்தை மாற்றிவிட்டார். "அப்ப மெலிசா எடுக்கேல்லை! எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? அப்ப இது வேற ஆரோ செய்த வேலை. லொக்கரைத் திறந்தது ஆர்? ஸ்ரோர்த் திறப்பு ஆரிட்டக் கிடக்கு?" அவருடைய பார்வை ஜஸ்ரினில் போய் நின்றது. "அவளின்ர வேலை காலியானால் உனக்குத்தானே தம்பி கிடைக்கும்."

ஜஸ்ரின் இடுப்பிலிருந்த திறப்புக் கோர்வையைக் கையால் மூடினான். செய்யாத களவுக்குப் பதில் சொல்வது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் இப்போது விளங்கியிருக்கும்.

"மெலிசா," என்றாள் நிலாணி, "லொக்கருக்குள்ள இருந்த போத்தலை உமக்குக் கிட்டக் காட்டினவையோ?"

"இல்லை. தூரத்தில தூக்கிக் காட்டினவை. தொடவே விடேல்லை."

"இப்ப தொடும்."

மெலிசா போத்தலைக் கையில் எடுத்தாள். அடிப்பக்கத்தைத் தடவினாள். மூடியைத் திறக்காமலே முகம் சுளித்தாள். "இது கப்ரோயிக் இருந்த போத்தல். ஒழுகினபடியால் நான்தான் அமிலத்தையும் லேபிளையும் வேற போத்தலுக்கு மாத்தினனான். எவ்வளவு கழுவினாலும் மணம் போகாது. ரெண்டு பையில இறுக்கிக் கட்டி ஸ்ரோரில வைச்சனான்."

"ஸ்ரோரில வேற வெறும் போத்தல் இருந்ததோ?"

"ஓம். பக்கத்திலயே ஒண்டு. அதில ஒரு மணமும் இல்லை. சும்மா தட்டில கிடந்தது."

"ஜஸ்ரின், உமக்கொரு போத்தல் வேணுமெண்டால் எதை எடுப்பீர்?"

"தட்டில கிடந்ததைத்தான். மற்றதைத் திறந்தால் ஒரு கிழமைக்குச் சாப்பிடேலாது. இஞ்ச வேலை செய்யிற எங்கள் ரெண்டு பேருக்கும் அது தெரியும்."

"தெரியாத ஆள் என்ன நினைப்பார்? ரெண்டு பையில பத்திரமாக் கட்டி வைச்சிருக்கினம், இதுதான் நல்ல போத்தலாக்கும் எண்டு நினைப்பார். வீட்டை கொண்டுபோய்க் கழுவலாம் எண்டு காரில வைப்பார். உள்ளுக்கு மிச்சமிருந்த துளி தோல் சீற்றில ஊத்துப்படும்."

கதவு படாரென்று திறந்தது. றொய்சன், முகமெல்லாம் பனி.

"அக்கா! யன்னல் திறந்து கிடக்கிற காருக்குள்ள தலையை விட்டுப் பாத்தன். கிடாய்க் கொட்டில் தோத்துப்போகும்! இந்த மைனசிலயும் ஒருத்தர் யன்னலைத் திறந்துகொண்டு கார் ஓடுறாரெண்டால், அவருக்குக் குளிரைவிட மணம் பெரிய பிரச்சினை."

"அது... அது நேற்று ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வந்தனான்," என்றார் ஜனார்த்தன். "பை ஓட்டை. சீற்றில ரத்தம் ஊத்துப்பட்டது."

றொய்சன் கடதாசிப் பையைத் திறந்து, மிச்சமிருந்த ஒரு ரோல்ஸை எடுத்து, மரியாதையாக அவருடைய மேசையில் வைத்தான்.

"அப்ப வெக்கப்படாமல் சாப்பிடுங்கோ ஐயா. உங்கட வீட்டுப் படி ஏறாத மச்சம் காரில மட்டும் ஏறியிருக்கு."

ஜஸ்ரின் தன்னை அறியாமல் சிரித்துவிட்டான். ஜனார்த்தனின் நெற்றித் திருநீறு வியர்வையில் கரையத் தொடங்கியது.

"இன்னொரு விசயமும் கிடக்கு," என்றாள் நிலாணி. "மார்கரிக் அமிலம் பலசரக்குக் கடையில வாங்கிற சாமான் இல்லை. இரசாயனச் சாமான் விக்கிறவை ஆருக்கு வித்தது எண்டு எழுதித்தான் வைச்சிருப்பினம். சபையில ஒராள் போன் எடுத்துக் கேட்டால் போதும். இல்லாட்டில் நீங்களே சொல்லலாம்."

ஜனார்த்தன் மூடியிருந்த மடிக்கணினியை ஒருதடவை பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது, ஆனால் வெட்கத்தால் அல்ல. பேரம் பேசுகிறவர்கள் குரலை இறக்கித்தான் பேசுவார்கள்.

"மெலிசா பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு. கொம்பனியை நம்பிக் கன குடும்பம் இருக்கு. ஹோட்டல் ஓடர் கிடைச்சால் எல்லாருக்கும் நல்லது எண்டுதான் யோசிச்சனான். இதை எங்களுக்குள்ள முடிப்பம். நாளைக்கு வந்து உம்மட கதிரையில இரும். போத்தல் கதையை நான் இனி எடுக்கமாட்டன். சபைக்கு ஏதோ பரிசோதனைப் பிழை எண்டு சொல்லுறன்."

"எங்களுக்குள்ள எண்டால் ஆர் ஆர்?" என்றாள் மெலிசா.

"நாங்கள்தான். இந்த அறையில நிக்கிற நாங்கள்."

"கள்ளி எண்டு சொல்லேக்க எங்களுக்குள்ளயோ சொன்னனீங்கள்? சோப் பொதி கட்டுற பக்கிங் லைனில நிக்கிற ஒவ்வொருதருக்கும் சொன்னனீங்கள். செக்கியூரிற்றிக்குச் சொன்னனீங்கள். உங்கட வாயால வெளிக்கிட்டதுதான் கோயில் வரைக்கும் போய் என்ர அப்பாவின்ர வாயை மூடினது."

"நான் மன்னிப்புக் கேக்கிறன். இப்பவே. மெலிசா, என்னை மன்னிச்சுக்கொள்ளும். போதுமோ?"

"போதாது."

"பிள்ளை, இந்த வயசில நான்..."

"என்ர வயசில நான் கள்ளியா நிண்டனான், அங்கிள். குளிருக்குள்ள."

அவள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டது அன்றைக்கு அதுதான் முதல்தடவை. அதில் மரியாதையும் இருந்தது, அந்த மரியாதைக்கு அவர் கொடுக்கவேண்டிய விலையும் இருந்தது. துப்பறிகிறவளின் வேலை இவ்வளவுதான், இனி நடக்கவேண்டியது மெலிசாவின் கையில் என்று நிலாணி எழுந்து சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

மெலிசா போய் அறைக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தாள். அதற்கப்பால் பக்கிங் மண்டபம். மதியச் சாப்பாட்டு மணி அடித்து, லைன் நின்றிருந்தது. தலையில் வலை கட்டிய பெண்கள் சாப்பாட்டுப் பெட்டிகளோடு எழும்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வந்த பணிப்பாளர்கள் இருவர் தூரத்தில் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மெலிசாவைக் கண்டதும் பேச்சு அடங்கியது. யாரோ ஒருத்தி பக்கத்தில் நின்றவளின் முழங்கையில் இடித்தாள்.

"வாங்கோ," என்றாள் மெலிசா, ஜனார்த்தனைப் பார்த்து.

அவர் வரவில்லை. அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். ஜஸ்ரின் போய் மற்றக் கதவைப் பிடித்துக்கொண்டான். மண்டபத்தில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கடைசியில், எழும்பாமலிருப்பதுதான் எழும்புவதைவிடக் கேவலம் என்று விளங்கியதோ என்னவோ, ஜனார்த்தன் எழுந்து வந்து கதவு நிலையில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மெலிசா... மெலிசா ஒண்டும் எடுக்கேல்லை," என்றார், முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படியாக. "அந்தப் போத்தலை அவவின்ர லொக்கருக்குள்ள வைச்சது நான்."

முன்னால் நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அவர் மெலிசாவின் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இப்ப திருப்தியோ?"

மெலிசா அவரைப் பார்க்கவில்லை. மண்டபத்தின் கடைசி மூலையில், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தாள்.

"பின்னுக்கு நிக்கிறவைக்குக் கேக்கேல்லை," என்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."